ஏகமனதாக எடுத்த முடிவு

நீங்க எழுதறது ஜாவா புரோகிராம்தானுங்க, தம்பி? எட்டிப் பார்க்கறேன்னு நினைச்சுக்காதீங்க. நடுச்சீட்டு, கண்ணு தானாப் போகுது. எனக்கு இருபத்தாறு வருசமுங்க இதுல. என்ற பேரு சென்னியப்பன். நானும் சென்னைக்குத்தான், ஒரு இன்டர்வியூ. அம்பத்திரண்டு வயசுல இன்டர்வியூவான்னு பார்க்கறீங்க. என்ற ஊட்டுக்காரியும் இப்படித்தான் பார்த்தா, காலையில டிபன் பாக்ஸைக் கையில குடுத்துட்டு.

ஒண்ணு கேக்கறேன். இந்த சாப்ட்வேர் கருவி, ஜாவா எழுதறதுக்கு வெச்சிருக்கீங்களே, இது நீங்களாத் தேர்ந்தெடுத்ததா, ஆபீசுல குடுத்ததா? நீங்களாவா. சரி, சரி. எல்லாக் கோளாறும் அங்கதான் ஆரம்பிக்குது.

உங்களைச் சொல்லலைங்க. எங்க ஆபீசைச் சொல்றேன். ரயிலு ஈரோடு தாண்டறதுக்குள்ள முடிச்சிருவேன், நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க.

சரவணம்பட்டியில எங்க கம்பெனி. பதினாலு பேரு. நூல் மில்லுகளுக்கு சாப்ட்வேர் பண்றோம். எந்த மெஷின் எந்த ஷிப்டுல எத்தனை கிலோ நூல் இழுத்துச்சு, எத்தனை தடவை அறுந்துச்சுன்னு அப்பப்ப திரையில காட்டோணும். அதுக்கு மேனேஜர் நான். இருந்தேன்.

பதினாலு பேரும் அவிங்கவிங்க இஷ்டத்துக்கு ஒரு கருவி வெச்சிருந்தாங்க. நாலு வகை ஓடிட்டிருந்துச்சு. பேரெல்லாம் வேண்டாம், அப்புறம் உங்க லேப்டாப்புல இருக்கறதைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும். இதுல என்ன தொல்லைன்னா, ஒருத்தன் எழுதின பைலை இன்னொருத்தன் திறந்து மூடினாலே போதும். இடைவெளி, வரி மடிப்பு எல்லாம் அவன் கருவிக்குத் தகுந்த மாதிரி மாறிரும். நானூறு வரி மாறிருச்சுன்னு காட்டும். உக்காந்து பார்த்தா நிசமா மாறினது ஒரு வரி. எங்க எம்.டி. ரங்கநாயகி அம்மா ஒரு நாள் கூப்பிட்டு, "சென்னியப்பன், இதுக்கு ஏதாவது ஒண்ணு பண்ணுங்க"ன்னாங்க.

ஒண்ணுன்னா என்னங்க அர்த்தம்? எல்லாருக்கும் ஒண்ணு. எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

நான் எதையும் மேலோட்டமாப் பண்ற ஆளில்லைங்க. ஒரு அட்டவணை போட்டேன். இருபத்திரண்டு வரிசை. திறக்க எத்தனை விநாடி ஆகுது, பாதி எழுதினா மீதியை அதுவே சொல்லுதா, தப்பு இருந்தா அடிக்கோடு போடுதா, ஓடற புரோகிராமை நடுவுல நிறுத்திப் பார்க்க வசதியா இருக்குதா, இப்படி. வண்ணத்துக்கு மட்டும் மூணு வரிசை. ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மார்க்கு. ஆறு வாரம் அதே வேலை. ஒவ்வொரு மீட்டிங்குக்கும் மினிட்ஸ் எழுதி வெச்சிருக்கேன். இந்தப் பையிலதான் இருக்குது. அப்புறமா எடுத்துக் காட்டறேன்.

கடைசியில ரெண்டு மிஞ்சுச்சு. ஒண்ணு ரொம்ப வருசமா இருக்கறது. அதை ஆபீசுல 'பழசு'ன்னு சொல்லுவோம். இன்னொண்ணு புதுசா வந்தது, திரையெல்லாம் கறுப்பு, எழுத்தெல்லாம் பூப்பூவா வண்ணம். அது 'கறுப்பு'. கறுப்பு நெம்ப அழகுங்க. ஒருதரம் திறந்து பார்த்தா பழசைப் பார்க்கவே மனசு வராது.

இங்கதான் பவளக்கொடியைப் பத்திச் சொல்லோணும்.

பவளக்கொடின்னு ஒரு புள்ள. கோபிப் பக்கம். முப்பது, முப்பத்தொண்ணு வயசிருக்கும். பொறந்ததுல இருந்து கண்ணு தெரியாது. ஆமாங்க, புரோகிராமர்தான். நீங்களும் ஆச்சரியப்படறீங்க பாருங்க. திரையில இருக்கறதையெல்லாம் வாசிச்சுச் சொல்ற சாப்ட்வேர் ஒண்ணு இருக்குது. ஒரு காதுல இயர்போனை மாட்டிட்டுக் கேட்டுக்கிட்டே எழுதும். மூணு வருசம் எங்ககிட்ட இருந்துச்சு. அந்தப் புள்ளயை வேலைக்கு எடுத்தது நானாக்கும். இன்டர்வியூவுல எம்.டி. யோசிச்சாங்க. நான்தான் சொன்னேன், "மேடம், நம்ம கம்பெனியில எல்லாரும் சமம்"னு. அதை அந்தப் புள்ள கிட்டயே நாலஞ்சு தடவை ஞாபகப்படுத்தியிருக்கேன். மத்தவங்களா இருந்தா மறந்துருப்பாங்க, நான் மறக்கலை.

அது பழசைத்தான் வெச்சிருந்துச்சு. அட்டவணை போட்டுட்டிருக்கும்போது ஒரு நாள் என்ற ரூமுக்கு வந்து, "சார், இருபத்திரண்டு வரிசை போட்டிருக்கீங்களாம். இருபத்திமூணாவதா ஒண்ணு சேர்த்துக்கறீங்களா?"ன்னு கேட்டுச்சு.

"என்னம்மா?"

"வாசிக்குதான்னு ஒரு வரிசை. பழசுல எங்க போனாலும் என்ற ரீடர் வாசிச்சுச் சொல்லுது சார். கறுப்பை எங்கூட்டுல போட்டுப் பார்த்தேன். எழுதற இடத்துல வாசிக்குது. தப்பு எங்கன்னு காட்டற இடத்துல வாசிக்க மாட்டேங்குது. நடுவுல நிறுத்திப் பார்க்கற இடத்துல சுத்தமாப் பேச்சே இல்ல."

நான் பொறுமையா எடுத்துச் சொன்னேனுங்க. "அம்மா, இது பொதுவான மதிப்பீடு. ஒருத்தருக்காக ஒரு வரிசை சேர்த்தா, நாளைக்குப் பக்கத்து டேபிள் ஹபீப் வந்து, எனக்குக் கழுத்துவலி, அதுக்கொரு வரிசை சேருங்கன்னு கேப்பான். பாரபட்சம் ஆயிருமில்ல?"

"வண்ணத்துக்கு மூணு வரிசை இருக்குதுங்களே சார்"னுச்சு.

"அது எல்லாருக்கும் பொதுவும்மா."

"சரிங்க சார்"னுட்டுப் போயிருச்சு. தெளிவாப் புரிஞ்சுக்கிச்சுன்னுதான் நான் நினைச்சேன்.

அப்புறம் ஓட்டெடுப்பு. நான் நினைச்சிருந்தா நானே முடிவு பண்ணியிருக்கலாம், மேனேஜர்தானே? பண்ணலை. கம்ப்யூட்டர்லயே ஒரு படிவம் அனுப்பினேன். பார்க்க அழகா இருக்கட்டும்னு பக்கம் முழுக்க ஒரே படமாப் போட்டு, நடுவுல ரெண்டு பொட்டு வெச்சேன். கறுப்பு வேணும்னா பச்சைப் பொட்டை அமுத்தோணும், பழசு வேணும்னா சிவப்புப் பொட்டை. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம். பதிமூணு ஓட்டு விழுந்துச்சு, பதிமூணும் பச்சை. பவளக்கொடி மட்டும் ஓட்டுப் போடலை. ஓட்டுப் போடறதும் போடாததும் அவிங்கவிங்க உரிமைங்க. நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். மினிட்ஸ்ல, 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது'ன்னு எழுதினேன்.

திங்கக்கிழமை வந்து, "அந்தப் படிவம் பேசலைங்க சார், வெறும் படம்னு மட்டும் சொல்லுச்சு"ங்குது. வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமில்ல? கேட்டா, சொல்ல வந்தேன் சார், நீங்க மில்லுக்குப் போயிட்டீங்க, மெயில் போட்டேங்குது. மெயில் வந்துதான் இருந்துச்சு. ஆனா அஞ்சரைக்கு. டைம் அஞ்சு வரைக்கும்தானே?

கறுப்பு வந்துச்சு. அதோட அழகு தெரியோணும்னா திரையும் நல்லா இருக்கோணுமில்ல? எம்.டி. கிட்டப் பேசி எல்லாருக்கும் இருபத்தேழு இஞ்சுத் திரை வாங்கினேன். பதினாலு திரை. ஸ்டோர்ஸ்காரன் கேட்டான், "பதினாலா சார், பதிமூணா?"ன்னு. எனக்குக் கோவம் வந்துருச்சு. "என்னப்பா பேசறே? அந்தப் புள்ள மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு"ன்னேன். நானே நின்னு அதோட டேபிள்ல மாட்டிக் குடுத்தேன். வித்தியாசம் பார்க்கற பழக்கமே எனக்கில்லைங்க. திரை பெருசாப் போனதுல, கீபோர்டை வெக்க இடமில்லாம மடியில வெச்சு அடிச்சிட்டிருந்துச்சு. நான் போகும்போதெல்லாம் கேப்பேன், "திரை நல்லா இருக்குதாம்மா?"ன்னு. "இருக்குதுங்க சார்"னு சொல்லும்.

ரெண்டு மாசம் போச்சு. எல்லாரும் வேகமா வேலை பண்றாங்க. இந்தப் புள்ளயோட வேலை மட்டும் மட்டமாப் போச்சு. முன்னாடி மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிக்கறதுக்கு இப்ப ரெண்டு நாள் ஆகுது. வருச மதிப்பீட்டுல, 'புதிய கருவிக்குப் பழகிக்கொள்ள ஆர்வம் காட்டவில்லை'ன்னு எழுதினேன். எழுதத்தானே வேணும்? கூட்டிட்டு வந்தவன் நானேன்னு சலுகை காட்டினா அது நியாயமாகுமா?

அப்பத்தான் பல்லடம் மில்லுல அந்த விவகாரம் வந்துச்சு.

அந்த மில்லுல சி வரிசையில இருபது மெஷின். வெளிநாட்டு மெஷின், புதுசா இறக்கியிருந்தாங்க. நம்ம சாப்ட்வேருல சி-14ங்கற மெஷினுக்கு மட்டும் பகல் ஷிப்டுல நூலே ஓடலைன்னு காட்டுது. சுழின்னு நிக்குது. மெஷின் ஓடுது, நூல் வருது, கணக்குல மட்டும் சுழி. மில்லுக்காரங்க என்ன நினைச்சாங்கன்னா, அதை ஓட்டற அம்மா மெஷினை நிறுத்திப்போட்டு உக்காந்திருக்குதுன்னு. சரசாளோ என்னமோ பேரு. மூணு நாளா மில் கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சு, விசாரணை முடியட்டும்னுட்டாங்க. அது மில்லோட விசயம், நாம தலையிட முடியாது. நமக்கு சாப்ட்வேர்தானே?

பதிமூணு பேரு உக்காந்து பார்த்தோமுங்க. என்னையும் சேர்த்து. இருபத்தேழு இஞ்சுத் திரையில, பூப்பூவா வண்ணத்துல, ஒவ்வொரு வரியாப் பார்த்தோம். சி-13 இருக்குது, சி-14 இருக்குது, சி-15 இருக்குது. எல்லாம் ஒரே மாதிரி. ஒரு அடிக்கோடு இல்ல, ஒரு சிவப்பு இல்ல. ஹபீப் தலையில கையை வெச்சுட்டான். மூணு நாள்.

நாலாம் நாள் காலையில பவளக்கொடி வந்து ரூம் கதவைத் தட்டுச்சு. "சார், கிடைச்சிருச்சுங்க. சி-14ல இருக்கற சி, நம்ம சி இல்லைங்க."

எனக்கு ஒண்ணும் புரியலை. "சி இல்லாம வேற என்னம்மா? நான் இந்தக் கண்ணால பார்த்தேன்."

"பார்த்தா சி மாதிரிதான் இருக்கும் போலிருக்குதுங்க சார். ஒவ்வொரு எழுத்தா நகர்த்திக் கேட்டேன். பதிமூணுல 'சி'ங்குது. பதினைஞ்சுல 'சி'ங்குது. பதினாலுல மட்டும் 'எஸ்'ஸுங்குது. ரஷ்யக்காரங்க எழுத்து. அந்த மெஷின் கம்பெனி அனுப்பின பட்டியல்ல அவங்க கீபோர்டுல அடிச்சிருக்காங்க. நம்மாளுங்க அதை அப்படியே எடுத்துப் பகல் ஷிப்டுக்கு ஒட்டியிருக்காங்க."

போய்ப் பார்த்தா நிசம். நம்ம சி-யும் அந்த சி-யும் அச்சு அசலா ஒண்ணு, உருவத்துல ஒரு இம்மி வித்தியாசமில்ல. கம்ப்யூட்டருக்கு மட்டும் வேற வேற. மெஷின்ல இருந்து வர்ற கணக்கு ஒரு சி-க்குப் போகுது, இங்க தேடறது இன்னொரு சி-யை. ஒரே ஒரு எழுத்து. அழிச்சுட்டு அடிச்சோம், சரியாப் போச்சு. பவளக்கொடி முதல் வேலையா மில்லுக்குப் போனைப் போட்டு, "அந்தம்மாவை உள்ள விடுங்க, தப்பு எங்க மேல"ன்னு சொல்லிருச்சு. என்னைக் கேட்காம. அதைக்கூட நான் பெருசு பண்ணலை.

நான் கை தட்டினேனுங்க. எல்லார் முன்னாடியும் பாராட்டினேன். பாராட்டிட்டு, தற்செயலாத்தான் கேட்டேன், "இதைக் கறுப்புலயாம்மா கண்டுபிடிச்சே?"

"இல்லைங்க சார். பழசுல திறந்து கேட்டேன்."

இப்ப நீங்க சொல்லுங்க தம்பி. தீர்மானம் ஏகமனதாப் போட்டாச்சு. எல்லாக் கம்ப்யூட்டர்ல இருந்தும் பழசை எடுத்துரோணும்னு சர்க்குலர் விட்டாச்சு. அதுல அந்தப் புள்ளயோட கையெழுத்தும் இருக்குது. ஹபீப்தான் இடத்தைக் காட்டினான், அது போட்டுச்சு. இவ்வளவும் நடந்த பொறவு, யாருக்கும் தெரியாமப் பழசை வெச்சிருந்திருக்குது. நல்லது நடந்துருச்சுங்கறதுக்காக விட்டுர முடியுங்களா? நாளைக்கு வேற ஒருத்தன் எதையாவது கொண்டாந்து போட்டு, பவளக்கொடிக்கு மட்டும் ஒண்ணும் சொல்லலையேன்னு கேட்டா நான் எங்க போய் முகத்தை வெச்சுக்கறது?

மெமோ குடுத்தேன். மெயில்ல அனுப்பியிருக்கலாம். ஆனா ஒரு மரியாதை இருக்குதில்ல, அதனால கம்பெனி லெட்டர் தாள்ல அச்சடிச்சு, கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சு, கவர்ல போட்டு நானே கொண்டுபோய்க் கையில குடுத்தேன். தடவிப் பார்த்துச்சு. "என்னங்க சார் இது?"ன்னுச்சு. "படிச்சுப் பாரும்மா"ன்னுட்டு வந்துட்டேன்.

ஹபீப் பக்கத்து டேபிள். அவன்தான் வாசிச்சுக் காட்டியிருக்கான். மெதுவாத்தான் வாசிச்சானாம். ஆனா அது சின்ன ஆபீசு, எல்லாருக்கும் கேட்டிருக்குது. கேட்டு முடிச்சுட்டு, "ஹபீப், அந்த ரெண்டாவது பத்தியை இன்னொருக்கா வாசிங்க"ன்னு சொல்லுச்சாம். ரெண்டாவது பத்தியிலதான் நான், 'தங்கள் திறமையைக் கருத்தில்கொண்டு இம்முறை எச்சரிக்கையோடு விடப்படுகிறது'ன்னு எழுதியிருந்தேன். அதைக் கேட்டு சந்தோசப்பட்டிருக்கும்னு நினைச்சேன். மத்தியானம் ராஜினாமா மெயில் வந்துச்சு. நாலு வரி. ஒரு பிழை இல்ல.

எம்.டி. கூப்பிட்டு விட்டாங்க. மினிட்ஸ், அட்டவணை, சர்க்குலர் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனேன். அவங்க எதையும் தொடலை. "அந்த மெமோவை அந்தப் பொண்ணுக்கு யார் படிச்சுக் காட்டினாங்க?"ன்னு கேட்டாங்க.

"ஹபீபுங்க மேடம்."

வேற ஒண்ணும் கேட்கலைங்க. நான் கொண்டுபோனதையெல்லாம் அடுக்கி எடுத்துட்டு வந்துட்டேன்.

அடுத்த வாரம் ஹபீபைக் கூப்பிட்டு என்னமோ பேசினாங்க. அவன் ஒரு மத்தியானம் உக்காந்தான். யார் எதுல வேணும்னாலும் எழுதிக்கலாம், எல்லாம் வந்து சேர்ற இடத்துல அதுவே இடைவெளியையும் வரி மடிப்பையும் ஒரே மாதிரி ஆக்கிக்கும், அப்படி ஒண்ணை மாட்டி வெச்சுட்டான். நானூறு வரித் தொல்லை அன்னிக்கோட போச்சு. ஒரு மத்தியானமுங்க! நான் ஆறு வாரம் அட்டவணை போட்டவன். முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லடான்னு கேட்டேன். "முதல் மீட்டிங்லயே சொன்னேன் சார், அட்டவணையில அதுக்கு வரிசை இல்லைன்னீங்க"ங்கறான். மினிட்ஸைப் புரட்டிப் பார்த்தேன். இருக்குது. என்ற கையெழுத்துலதான் இருக்குது.

இப்ப ஹபீப் மேனேஜர். நான் 'ஆலோசகர்'. ஆலோசனை கேட்டு யாரும் வர்றதில்ல. அதான் இந்த இன்டர்வியூ.

இல்லைங்க, அந்தப் புள்ள மேல எனக்குக் கோவமெல்லாம் கிடையாது. பெங்களூர்ல ஒரு கம்பெனியில சேர்ந்துருச்சாம். நல்லா இருக்கட்டும். ஒரே ஒரு வருத்தம்தான். அதையும் சொல்லிர்றேன்.

அது போன பொறவு, எம்.டி. என்னைக் கூப்பிட்டு, "நீங்களே ஒரு போன் பண்ணிப் பேசுங்க சென்னியப்பன். திரும்பி வர முடியுமான்னு கேளுங்க. நீங்க கேட்டாத்தான் சரியா இருக்கும்"னாங்க. பத்து நாள் தள்ளிப்போட்டேன். வேலை இருந்துச்சுங்க. அப்புறம் அதோட கம்ப்யூட்டரை ஸ்டோர்ஸ்ல திருப்பி ஒப்படைக்கோணும்னாங்க. சரி, நானே பார்க்கறேன்னு போய் அந்த டேபிள்ல உக்காந்தேன். மூணு வருசத்துல அன்னிக்குத்தான் அந்த நாற்காலியில முதல் தடவை உக்காந்தேன். ஆன் பண்ணிட்டு, ஒயரையெல்லாம் கழட்டலாம்னு இயர்போனைப் புடுங்கினேன்.

ஆபீசே திரும்பிப் பார்க்குது. ஸ்பீக்கர்ல ஒரு குரல் இங்கிலீசுல கத்துது. கத்துதுன்னா, தையல் மெஷின் ஓடற வேகம். ஒரு வார்த்தை புரியலை. நான் மவுஸை நகர்த்தினா அதுக்கும் ஒண்ணு சொல்லுது, கையை எடுத்தாலும் விட்டதுல இருந்து சொல்லுது. திரையில திறந்திருக்கறதை மூடறேன், மூடினேன்னு சொல்லுது. ஹபீபைக் கூப்பிட்டேன், அவனுக்கும் தெரியலை. பதிமூணு பேருக்கும் தெரியலை. சத்தத்தைக் குறைக்கலாம்னா அந்தப் பொத்தானும் புரியலை. கீபோர்டுல ஒரு எழுத்தும் இல்ல, எல்லாம் தேய்ஞ்சு வழவழன்னு கிடக்குது.

வேற வழியில்லாம போனைப் போட்டேன்.

"சொல்லுங்க சார்"னு எடுத்துச்சு. பின்னாடி கத்தற குரலைக் கேட்டுட்டே, நான் சொல்றதுக்கு முன்னாடியே, "கன்ட்ரோலை ஒருக்கா அமுத்துங்க சார், நின்னுரும்"னுச்சு.

"கன்ட்ரோல் எதும்மா? ஒண்ணும் தெரியலையே."

"உங்க இடது கைப் பக்கம் சார். கீழ் வரிசை. ஓரத்துல கடைசி. விரலை வெச்சுப் பாருங்க, தெரியும்."

அமுத்தினேன். நின்னு போச்சு. ஆபீசே கம்முனு ஆயிருச்சு.

"அவ்வளவுதானா?"ன்னேன்.

"அவ்வளவுதாங்க சார். வேற ஏதாவது கேக்கோணுமா?"

எம்.டி. சொன்னது ஞாபகம் வந்துச்சுங்க. வராம இல்ல. ஆனா பன்னெண்டு பேரும் என்னையே பார்த்துட்டு நிக்கறாங்க. "இல்லம்மா, இதுக்குத்தான் கூப்பிட்டேன்"னு சொன்னேன்.

அந்தப் புள்ள உடனே வெக்கலை. நானும் வெக்கலை. அந்தப் பக்கம் ஒரு பஸ் நின்னு கிளம்பற சத்தம் கேட்டுச்சு. யாரோ என்னமோ கன்னடத்துல கூவறாங்க. அப்புறமும் லைன் அப்படியேதான் இருந்துச்சு. பொறவுதான், "சரிங்க சார்"னுட்டு வெச்சுச்சு.

ஒரு வார்த்தை 'சாரி'ன்னு சொல்லியிருக்கலாமில்லீங்களா, தம்பி? அதுக்கு வேண்டிய நேரம் அங்க இருந்துச்சுங்க.